நன்றி சொல்லாமல் ஒரு கதவைக் கடப்பது

1

இந்தக் கதை, ஒரு பத்திரிகை என்னிடம் கேட்ட வேறொன்றிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் மேட்டில் நடக்கப் போகிறவர்கள் ஒதுங்குவதற்கு இதமான கிராமத்து பப்கள் என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். கணப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அதில் கட்டை எரிய வேண்டும். காலடியில் ஒரு நாய் தூங்கினால் இன்னும் நல்லது. "நீ பப்பிலேயே பிறந்து வளர்ந்தவள், உனக்கு இது ஒரு மதிய வேலை" என்றார் ஆசிரியர். நான் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். வளர்ந்ததுதான் கறுங்கடா என்ற பப்பின் மாடியில், கீழே சிந்திய பீரின் வாசனை பலகை இடுக்கு வழியே ஏறி வரும் அறையில்.

சரி என்றேன். எழுத உட்கார்ந்தேன். "இதமான" என்ற சொல்லைத் தாண்டி ஒரு அடி நகர முடியவில்லை.

(பப் என்றதும் உங்களுக்கு நீல விளக்கும் காதைக் கிழிக்கும் பாட்டும் நினைவுக்கு வந்தால், அதை அணைத்துவிடுங்கள். நான் சொல்வது இங்கிலாந்தில், யார்க்‌ஷர் மேட்டின் அடிவாரத்தில், தடித்த கற்சுவரும் தலை இடிக்கும் கூரையும் கொண்ட ஒரு பழைய வீடு. உட்கார்ந்தால் சாப்பாடு, நின்றால் பீர், நடுவில் நெருப்பு.)

2

முதல் தொடக்கம்: வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, கணப்பில் கட்டைகள் மெல்லப் பாடிக்கொண்டிருந்

பாடவில்லை. கட்டை பாடினால் ஈரக்கட்டை என்று அர்த்தம். விறகுக்காரன் ஏமாற்றியிருக்கிறான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: பெவ் ரெய்ஸ்ட்ரிக் ஒவ்வொரு காலையும் முழங்காலில் உட்கார்ந்து நேற்றைய சாம்பலை அள்ளுவாள்.

இது உண்மை. பெவ் என் அம்மா. பப்பை நடத்துவது அவள்தான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் நீங்கள் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டிவிடுவீர்கள். அவளுக்கு அது ஆகாது. "எனக்காக உச்சுக்கொட்டுறவன் முதல்ல அவன் தின்ன தட்டை எடுத்துட்டு வந்து வைக்கட்டும்" என்பாள்.

மூன்றாம் தொடக்கம்: கதவு பூட்டியிருந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

கதவு பூட்டியிருந்தது.

வீட்டுக் கதவு இல்லை. வயல் வேலியில் இருக்கும் மரக்கதவு. மேட்டிலிருந்து இறங்கி, நிலக்காரர் ஆல்டன்ஷாவின் இரண்டு மேய்ச்சல் நிலங்களையும் ஒரு சின்னத் தோப்பையும் கடந்தால் எங்கள் பின்வாசல். நாள் முழுக்கக் காற்றில் அடிபட்ட நடைக்காரர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். பூட்ஸை வாசலில் உதறிப் போட்டுவிட்டு, பெருவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு நெருப்புக்கு முன் காலை நீட்டுவார்கள். அம்மாவின் ஆட்டு ஸ்டூவும் நனைந்த கம்பளியும் நனைந்த நாயும் சேர்ந்து ஒரு வாசனை எழும். எங்களுக்குக் குளிர்காலம் என்றால் அந்த வாசனைதான். சோறும் அதுதான்.

போன குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஆல்டன்ஷா அந்தக் கதவில் சங்கிலி போட்டார். சுற்றி வர வேண்டுமென்றால் தார்ச்சாலை. நடக்க ஓரம் கிடையாது. கல்குவாரி லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும். நடைக்காரர்கள் ஒருமுறை அப்படி வந்து பார்த்தார்கள். அடுத்த முறை பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேறு பப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாதி பேருக்கு மூட்டுவலி.

கறுங்கடா எங்கள் சொத்து இல்லை. அது ஒரு பீர் கம்பெனியின் கட்டடம். இப்படியே ஆள் வராமல் இருந்தால் வருகிற வசந்தத்தில் அம்மாவின் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். குத்தகை போனால் வேலையும் போகும், மேலே இருக்கும் வீடும் போகும். இந்தக் கதையில் பணயம் அதுதான். காதல் கிடையாது, கொலை கிடையாது. வேண்டியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

4

பியர்ஸ் ஆல்டன்ஷாவை எழுதுவது எனக்குச் சிக்கலாக இருக்கிறது.

முதல் வரைவில் அவருக்குத் தொந்தி கொடுத்தேன். இரண்டாவதில் கையில் துப்பாக்கி கொடுத்தேன். மூன்றாவதில் எங்கள் நாயை உதைக்கவைத்தேன். (எங்களிடம் நாய் கிடையாது. அதையும் அவருக்காகவே கற்பனை செய்தேன்.) ஒன்றும் ஒட்டவில்லை. உண்மையான ஆல்டன்ஷா ஒல்லியாக, கொஞ்சம் கூனலாக, பள்ளத்தாக்கில் பாதியைச் சொந்தமாக வைத்திருப்பதற்கே வெட்கப்படுகிறவர்போல இருப்பார். வெட்கம் மட்டும்தான். நிலத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய மரியாதைதான் எனக்கு எரிச்சல். சங்கிலி போட்ட மறுநாள் பப்புக்கு வந்து, எங்கள் கணப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னார்:

"ரொம்ப சங்கடமா இருக்கு மிசஸ் ரெய்ஸ்ட்ரிக். வேட்டைக்கு வளர்க்கிற பறவைங்களை நடக்க வர்றவங்க நாய்ங்க விரட்டுது. எனக்கும் வேற வழி தெரியல."

"பரவாயில்லைங்க," என்றாள் அம்மா. "குளிர்ல வந்திருக்கீங்க. ஒரு பைன்ட் பீர் ஊத்தவா?"

பரவாயில்லையாம். ஊத்தவாவாம். நான் பின்னால் போய்க் காலி பீர்ப் பெட்டியை ஓர் உதை விட்டேன். அது காலி இல்லை என்பது உதைத்த பிறகுதான் தெரிந்தது.

அவரை வில்லனாக்குவதை அதோடு விட்டுவிட்டேன். வில்லன் என்றால் ஒருவனை அடித்துச் சாய்த்தால் கதை முடிந்துவிடும். இந்த மனிதர் "மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பூட்டுகிறார், நாங்கள் "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே வெளியே நிற்கிறோம். இதில் யாரை அடிப்பது?

5

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதைச் சொன்னதும் சிலர் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார்கள், பூனைக்குட்டி மரமேறிவிட்டதைப் பார்ப்பதுபோல. அந்தச் சிரிப்பு இப்போது உங்கள் முகத்தில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நான் படித்தது புவியியல். சட்டம் இல்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவள் எதையும் படிக்கலாம். படித்தேன்.

சட்டம் இதுதான்: ஒரு வழியில் ஜனங்கள் இருபது வருஷம் யாரையும் கேட்காமல், ஒளியாமல், சண்டை போடாமல் நடந்திருந்தால் அது ஜனங்களின் வழி. நிலம் யாருடையதாக இருந்தாலும் அதைப் பூட்ட முடியாது. ஆனால் அனுமதி கேட்டு நடந்திருந்தால், எத்தனை வருஷமானாலும் அது நடக்கவிட்டவரின் தயவு. தயவை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு முறை படியுங்கள். கேட்காதவனுக்குத்தான் உரிமை. வாயைத் திறக்காமல் நடந்தவனுக்குத்தான் வழி.*

அதைப் பொதுவழியாகப் பதிவு செய்யச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். நடைக்காரர்கள் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். விசாரணை நடத்த ஓர் ஆய்வாளரை அனுப்புவதாக அரசு சொன்னது. அம்மாதான் முக்கியமான சாட்சி. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பின்வாசலைத் திறந்துவிட்டவள் அவள்.

*என் வாழ்க்கையில் படித்ததிலேயே மிக நல்ல வாக்கியம் இது. பள்ளிக்கூடத்தில் இதற்கு நேர் எதிரானதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

6

விசாரணைக்கு முந்தின வாரம், முற்பகல். அம்மா கணப்புக்குப் பக்கத்தில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். டெஸ் அவருடைய முக்காலியில் இருந்தார். டெஸ் பக்கத்துப் பண்ணையில் ஆடு வளர்ப்பவர். பப் திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பார். எந்த வழியாக வருகிறார் என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"ஜின் விஷயத்தையும் சொல்லணும்ல கெல்ஸ்?" என்றாள் அம்மா.

"எந்த ஜின்?"

"கிறிஸ்துமஸுக்கு ஆல்டன்ஷா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுப்பேன்ல. நம்ம வேலிமுள்ளுல பழம் பறிச்சு, நானே சாராயத்துல ஊறப்போட்டது. வருஷா வருஷம் ஒரு பாட்டில்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? நம்மாளுங்க அவரு வயல்ல மிதிச்சுக்கிட்டு வர்றாங்க. அவரு மூஞ்சி சுளிக்கிறதில்ல. ஒரு தேங்க்ஸ் சொல்ல வேணாமா?"

டெஸ் கிளாஸைக் கீழே வைத்தார். நிறைந்த கிளாஸை அவர் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"போச்சு," என்றார். "பெவ், வழியை ரிப்பன் கட்டி அந்தாளு கையிலயே குடுத்துட்ட."

"என்ன உளறுற?"

"பட்டதாரியைக் கேளு. அதுக்குத்தானே படிக்க வச்ச."

நான் சொன்னேன். நன்றி என்றால், அவர் விட்டார் என்று நீ ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். விட்டார் என்றால் அனுமதி. அனுமதி என்றால் இருபது வருஷமும் குப்பையில்.

"நான் ஒண்ணும் கேக்கலியேடி. கேட்டாத்தானே அனுமதி? நான் தேங்க்ஸ்தானே சொன்னேன்."

"அவங்க வக்கீலுக்கு அது போதும்மா."

"அப்ப என்ன, மரியாதை கெட்டவளா இருந்திருக்கணுமா?"

"ஆமா."

"உன்னை நான் அப்படி வளக்கலியே."

"வளத்திருக்கணும்."

"நீ கவலைப்படாத பெவ்," என்றார் டெஸ். "இவகிட்ட மரியாதைன்னு ஒண்ணும் தங்கல. நீ வளத்ததுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

நான் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "ஜின்னைப் பத்தி வாயைத் திறக்காத. அவ்வளவுதான்."

"கேட்டாங்கன்னா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டாங்கன்னா, கெல்ஸ்?"

அம்மா கையில் ஒரு கட்டையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பதற்கு இல்லை. எங்கே வைப்பது என்று மறந்துபோய்.

7

இங்கே கதை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. விசாரணை இன்னும் நடக்கவில்லை, எனக்கு மேலே தெரியவில்லை. காத்திருந்த நாட்களில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. சாட்சிகளின் பேச்சைக் கேட்டு ஆல்டன்ஷா மனம் இளகி, தானே போய்ச் சங்கிலியை அறுக்கிறார். நடைக்காரர்கள் கைதட்டுகிறார்கள். எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டேன். இதுவும் அவர் தயவுதானே? தயவு செல்லாது என்று சொல்லத்தான் இவ்வளவு பாடு.

முடிவு ஆ. பெவ் ரெய்ஸ்ட்ரிக் சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டு, இல்லை, நான் எதுவுமே கொடுத்ததில்லை என்று பொய்

இந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதினாலும் அம்மா அதற்குள் வர மறுக்கிறாள். வாசலில் நின்றுகொண்டு "நீயே சொல்லிக்கோ" என்கிறாள்.

முடிவு இ. அவள் உண்மையைச் சொல்கிறாள், தோற்கிறோம், வசந்தத்தில் ஒரு வண்டி வந்து நிற்கிறது, கட்டிலை இறக்குகிறோம். படித்துவிட்டு உங்களுக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு கோட்டை மாட்டிக்கொண்டு வேறொரு இதமான பப்புக்குப் போவீர்கள். உங்களுக்கு அந்தச் சுகத்தைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

முடிவு ஈ. பாட்டிலே இல்லாத கதை. அதை எடுத்துவிட்டு மொத்தத்தையும் திரும்ப எழுதினேன். நாங்கள் அபாரமாக ஜெயித்தோம். ஆனால் அந்தக் கதையில் அம்மா யாரோ ஒருத்தியாக இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டுக்கும் போகாத, யாருக்கும் எதையும் ஊறப்போடாத ஒரு பொம்பளை. அவள் மூட்டிய நெருப்புக்குப் பக்கத்தில் எவன் உட்காருவான்?

பாட்டிலை மறைத்து ஜெயிக்கும் வழி கதையிலும் இல்லை, வெளியிலும் இல்லை. ஆக ஒன்றுதான் மிச்சம். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்பது.

(பத்திரிகை ஆசிரியரிடமிருந்து செய்தி: "எப்படிப் போகிறது? இதமாக இருக்கட்டும்!" பதில் போடவில்லை.)

8

விசாரணை நடந்துவிட்டது. இனி எழுதுவது நடந்தது.

கிராம மன்றத்தில் வைத்திருந்தார்கள். அன்று காலை அங்கே வெப்பக் கருவி செத்துவிட்டது. ஆய்வாளர் பிளெவின்ஸ் என்ற பெண்மணி. கையுறையோடு பேனா பிடிக்க முயன்று பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல சூடா இருக்கிற இடம் எது?" என்று கேட்டார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

ஆல்டன்ஷாவின் வக்கீல் கோல்பி மறுப்புத் தெரிவிக்க வாயைத் திறந்தார். அவர் உதடு நீலமாக இருந்தது. மூடிக்கொண்டார்.

"நெருப்பு எந்தக் கட்சியும் இல்ல," என்றார் பிளெவின்ஸ்.

ஆக எல்லோரும் கறுங்கடாவில். மேசைகளை ஒதுக்கி, நடைக்காரர்கள் சுவரோரம் நெருக்கி உட்கார, ஆல்டன்ஷாவுக்குக் கணப்புக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. அம்மாதான் அவரை அங்கே உட்காரவைத்தாள். "நீங்கதான் ரொம்ப நடுங்குறீங்க" என்று. நான் பல்லைக் கடித்தேன்.

அம்மாவின் முறை வந்தது. விண்ணப்பம் போட்டவள் நான் என்பதால் எங்கள் பக்கம் கேள்வி கேட்பதும் நான்தான். எழுந்தேன்.

"மிசஸ் ரெய்ஸ்ட்ரிக்," என்றேன். பின்னால் டெஸ் செருமினார். "கிறிஸ்துமஸுக்கு மிஸ்டர் ஆல்டன்ஷாவுக்கு நீங்க என்ன குடுப்பீங்க?"

அம்மா என்னை முறைத்தாள். வாயைத் திறக்காதே என்று ஒரு வாரமாக உயிரை வாங்கியவள் நான்.

"ஜின். ஒரு பாட்டில். நானே போட்டது."

"எதுக்கு?"

"எங்க ஆளுங்க அவரு வயல்ல வர்றாங்க. மூஞ்சி சுளிக்காம இருந்ததுக்கு ஒரு தேங்க்ஸ்."

கோல்பியின் பேனா விழித்துக்கொண்டது. நான் உட்கார்ந்தேன். அவர் எழுந்தார்.

"அப்படின்னா மிசஸ் ரெய்ஸ்ட்ரிக், அவர் நினைச்சா மூஞ்சி சுளிச்சிருக்கலாம்னு உங்களுக்குத் தெரியும். தடுத்திருக்கலாம்னு."

"யாரு வேணா எதுக்கு வேணா சுளிக்கலாங்க. அவங்கவங்க மூஞ்சி."

சுவரோரம் சிரிப்பு. கோல்பி விடவில்லை.

"ஆனா நன்றி சொல்லியிருக்கீங்க. ஒருத்தர் செய்யாத உதவிக்கு யாராவது நன்றி சொல்வாங்களா?"

"நான் சொல்வேன். தபால்காரருக்கும் ஒரு பாட்டில் உண்டு. அதுக்காக எனக்கு வர்ற கடுதாசி அவரு போட்ட பிச்சையா?"

"அது அவருடைய வேலை. இங்கே—"

"போன வாரம் சந்தையில ஒருத்தரு என் காலை மிதிச்சாருங்க. நல்ல கனமான பூட்ஸு. மிதி வாங்கினவ நான், நான்தான் 'மன்னிச்சிருங்க'ன்னேன். அவரும் 'பரவாயில்ல'ன்னுட்டுப் போயிட்டாரு." அம்மா ஒரு மூச்சு விட்டாள். "அப்ப அந்தக் கால் அவரோடதா?"

டெஸ் மேசையை ஒரு தட்டு தட்டினார். பிளெவின்ஸ் சிரிக்கவில்லை. நிதானமாக எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு ஆல்டன்ஷாவைப் பார்த்தார்.

"நீங்க எப்பவாவது, யாருக்காவது, நடக்கலாம்னு அனுமதி குடுத்தீங்களா?"

ஆல்டன்ஷா யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அது தெரிந்தது. "யாரும் கேக்கலை," என்றார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

கோல்பி கண்ணை மூடிக்கொண்டார். ஏன் மூடினார், அது அவருக்கு நல்லதா கெட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கதையில் நான் மிகவும் வெறுக்கும் வாக்கியம் அதுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். எவ்வளவு அன்பான வாக்கியம். அதில் எங்கள் எல்லோருடைய முழங்காலும் மடங்கியிருக்கிறது.

9

மதியத்துக்கு மேல் ஆய்வாளர் வழியை நடந்து பார்க்க வேண்டும். இரண்டு தரப்பும் கூட வரலாம், வழக்கைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஆகவே வானிலையைப் பற்றிப் பேசினோம். அதில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே பட்டதாரிகள்.

மேட்டுப்பக்கம் போய், அங்கிருந்து கதவுக்கு இறங்கினோம். ஆல்டன்ஷா பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துச் சங்கிலியைக் கழற்றினார். கனமான கதவு. விட்டால் தானாகவே அறைந்து மூடிக்கொள்ளும். யாராவது பிடித்துக்கொண்டுதான் ஆக வேண்டும். அவர் பிடித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் யாராவது உங்களுக்காக ஒரு கதவைப் பிடித்தால், வாய் உங்களைக் கேட்காமலே திறந்துகொள்ளும்.

"நன்றி," என்றார் பிளெவின்ஸ், கடந்துபோனபடி.

"நன்றி பியர்ஸ்," என்றார் கோல்பி.

"தேங்க்ஸ்," என்றார் டெஸ். இரண்டடி போனதும் தன்னைத்தானே ஒரு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டார். அதை எழுதினேன், பிறகு எடுத்துவிட்டேன்.

அம்மா கதவருகில் நின்றாள். அவரை நேராகப் பார்த்தாள். "ரொம்ப நன்றி மிஸ்டர் ஆல்டன்ஷா," என்றாள், தெளிவாக, ஒரு எழுத்தையும் விழுங்காமல், தனக்கு உரிய கடிதத்தை வாங்கிக்கொள்கிறவளின் குரலில். போய்விட்டாள். அவள் ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு அந்த இடத்தில் தோன்றியது. அவள் முறையில்.

அடுத்தது நான். "தேங்" பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. என் அம்மா, அவள் அம்மா, அவர்களுக்கு முன்னால் யார் யாரோ, எல்லோரும் பின்னாலிருந்து அந்தச் சொல்லைத் தள்ளினார்கள். ஆல்டன்ஷா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அவர் முகம் சிவந்தது.

நான் சொல்லவில்லை. கடந்தேன்.

அது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிந்தால் தெரியட்டும். அம்மா சொன்னதும் சரி, நான் சொல்லாததும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்காதீர்கள், அப்படித்தான் தீர்மானித்திருக்கிறேன்.

தீர்ப்பு வர இன்னும் சில வாரம் ஆகும். வந்தாலும் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அதைப் படித்து, ஓ ஜெயித்தார்கள், ஓ தோற்றார்கள் என்று பத்திரிகையை மூடிவிடுவீர்கள். ஆசிரியருக்கு இதையேதான் அனுப்பப்போகிறேன். போடாவிட்டால் போகட்டும்.

ஏனென்றால் வரிசையில் நான் கடைசி ஆள் இல்லை. முதல் பக்கத்திலிருந்து எனக்குப் பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருக்கிறீர்கள். நான் கடந்துவிட்டேன், ஆல்டன்ஷா இன்னும் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். கனமான கதவு, கை வலிக்கும் அவருக்கு. உங்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைக்கிறார்.

சொல்வீர்களா, மாட்டீர்களா என்பது உங்கள் வாய், உங்கள் பாடு. நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று: அவர் முன்னால் தயங்கி நிற்காதீர்கள். நின்றால் அனுமதி கேட்டதாக ஆகிவிடும். நடங்கள்.